ஜூன் வரைக்கும் தாங்கும் பூச்சு

மார்ச் 4

கப்பலிலிருந்து அவர் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். அவர் அறையின் இரும்புச் சுவரில் என் போட்டோ. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பேனே, அதுதான். நான் கொடுத்தனுப்பிய இரண்டு காந்தங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேலே இருப்பது துருப்பிடித்து, பழுப்பு நீர் என் நெற்றியிலிருந்து மூக்கு வரை வடிந்திருக்கிறது. "உனக்குச் சளி பிடிச்சிருக்கு போல" என்று கீழே எழுதியிருக்கிறார்.

சிரிப்பு வந்தது. அப்புறம் வெட்கம். காந்தத்துக்குப் பூச்சு தேர்ந்தெடுப்பதுதானே என் பிழைப்பு. நியோடிமியம் காந்தம் எவ்வளவு பலமாக இழுக்குமோ அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும். பூச்சு விட்டுப்போனால் மாவாக உதிர்ந்துவிடும். நடுவில் அட்டை வைக்காமல் இரண்டைச் சேர்த்துப் போடாதீங்க, மோதினா நிக்கல் பூச்சு தெறிச்சுடும் என்று தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கத்துகிறவள் நான். அவர் கிளம்பிய அன்று அழுகையை அடக்கிக்கொண்டு இரண்டையும் ஒரே கவரில் திணித்தேன். டப்பென்று ஒட்டிக்கொண்ட சத்தம் கூட ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 6

அவர் கப்பலின் சமையல்காரர் லீவு முடிந்து திரும்புகிறாராம். "அண்ணி, அண்ணனுக்கு ஏதாவது கொடுக்கணுமா?" என்று போன் செய்தார். புதுக் காந்தம் கொடுக்கலாம். எந்தப் பூச்சு?

மார்ச் 10

முலாம் பிரிவு அக்காவிடம் கேட்டேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு? கடல் காத்து. நிக்கலுக்கு மேல எபாக்ஸி போடு, வருஷக்கணக்கா அசையாது" என்றாள். சரிதான். வேறு யார் கேட்டிருந்தாலும் அந்தக் கறுப்புப் பிசினைத்தான் நானும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

ஆனால் துத்தநாகம் பூசியதைக் கையில் எடுத்தேன். மெல்லிய பூச்சு. உப்புக் காற்றில் கொஞ்ச நாள்தான் தாக்குப்பிடிக்கும்.

"கடலுக்குத் துத்தநாகமா? உனக்கென்ன கிறுக்கா?"

"ஜூன்ல வந்துடுவார்க்கா. அதுவரைக்கும் தாங்கினா போதும்."

நடுவில் அட்டை வைத்து அக்காவே கட்டிக் கொடுத்தாள்.

வருஷக்கணக்கில் தாங்குகிற ஒன்றை அந்தச் சுவரில் ஒட்ட எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. இனிமேல் கரைதான் என்று போன லீவிலேயே சொன்னார். எங்கள் மேனேஜர் பராமரிப்புப் பிரிவில் அவருக்காக ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார். ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய் வருவோம். ஜன்னல் சீட் யாருக்கு என்று போனிலேயே சண்டையும் போட்டாகிவிட்டது.

மார்ச் 13

சமையல்காரர் கிளம்பிவிட்டார். அந்தப் பொட்டலத்தை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

ஏப்ரல் 2

லைன் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 19

பூச்சுகளைச் சோதிக்க ஒரு பெட்டி உண்டு. காந்தங்களை உள்ளே வைத்து உப்புத் தண்ணீரைப் புகை மாதிரி தெளித்துக்கொண்டே இருப்போம். இன்று மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை. லீவில் வந்து அவர் பையைத் திறக்கும்போது வருமே, அதே வாசனை. மூடாமல் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னம்மா, காத்து வாங்கறியா?" என்றாள் அக்கா.

அவரைப் பார்க்க அவ்வளவு ஏக்கமாக இருக்கிறது. எழுதினால் குறையுமோ என்று பார்த்தேன். குறையவில்லை.

மே 11

பேசினார். துத்தநாகம் வெள்ளையாகப் பூத்துவிட்டதாம், சுண்ணாம்பு தடவின மாதிரி. "அடுத்த தடவை கொஞ்சம் நல்லதா பார்த்துக் கொடேன்."

"எந்த அடுத்த தடவை?" என்றேன்.

பின்னால் இன்ஜின் சத்தம் மட்டும். அப்புறம், "லீவுக்கு வர்றேன்ல, அப்ப பேசலாம்" என்றார்.

லீவுக்கு. வந்துடறேன்னு சொல்லலை, லீவுக்கு வர்றேங்கறார் — அப்ப இத்தனை நாளா நான் யார்கூட பஸ்ல போயிட்டிருந்தேன்?

ஜூன் 8

வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக மனசில் வைத்திருந்தேன். வாசலில் ஆளைப் பார்த்ததும் எல்லாம் போன இடம் தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மதியம் வாஷிங் மெஷின் ஓடுகிற சத்தம். இன்றைக்குத் துவைக்க ஒன்றும் இல்லையே என்று போய்ப் பார்த்தேன். உள்ளே ஒரு கைக்குட்டை கூட இல்லை, சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் வெறும் தரையில் அவர். வந்ததிலிருந்து இப்படி அடித்துப்போட்ட மாதிரி அவர் தூங்கி நான் பார்க்கவில்லை.

மெஷின் நின்றதும் விழித்துக்கொண்டார்.

"இன்ஜின் சத்தம் இல்லாம தூக்கமே வர மாட்டேங்குது. கரையில எல்லாமே நின்னு போன மாதிரி இருக்கு. உன்கிட்ட சொல்லத் தைரியம் வரலை."

"நான் இருக்கேனே. அது போதாதா?"

"போதும்னு பொய் சொல்லட்டுமா?"

அழுதுகொண்டே கேட்டார். அதனால் திட்ட முடியவில்லை. மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அது முடிந்தால் இன்னொன்று போடுவார். இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜூன் 17

அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துடுங்க சார் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 27

நிக்கல், அதன் மேல் எபாக்ஸி. அக்கா தானே பூசித் தருவதாகச் சொன்னாள், நான் விடவில்லை. காய்ந்ததும் விளிம்பெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூடக் குறையில்லை. நடுவில் அட்டை வைத்துக் கட்டினேன்.

"ஜூன் வரைக்கும்னு சொன்னியே" என்றாள் அக்கா, மெதுவாக.

"ஜூன்தான் வந்துடுச்சேக்கா."

ஜூலை 6, ஞாயிறு

நேற்றுக் காலை கிளம்பினார். புதுப் போட்டோ வேண்டும் என்று அவரே எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை கண்ணைச் சுருக்காமல் நின்றேன்.

மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்த பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. துணி எதுவும் போடாமல் வாஷிங் மெஷினை ஓட விட்டேன். பக்கத்தில் வெறும் தரையில் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டேன்.