பிரசவ ரூம் கவரு

அக்கா,

இன்னிக்கி புது கெட்டி ரப்பர் கிளவுஸ் வந்துச்சி. பெட்டிய பிரிச்சதும் அந்த ரப்பர் நாத்தம். உடனே உன் ஞாபகம். இந்த தடவ சின்ன சைசும் இருக்கு. ஒண்ண எடுத்து கையில வெச்சினு ரொம்ப நேரம் நின்னேன். உனக்கு சரியா இருந்திருக்கும்.

டிப்ளமாவ பாதியில வுட்டுட்டு, இந்த மலை ஆஸ்பத்திரிக்கு குப்ப அள்ற வேலைக்கு வந்தேன். நீ அதுக்கு முன்னாடியே இங்க கூட்டி தொடைச்சினு இருந்த. மொத நாளே கேட்ட, "இன்னாடா, எத்தினி நாளைக்கு இங்க?" ஒரு மாசம்னேன். சிரிச்ச. ரெண்டு வருசம் ஆவுது.

யாரும் எழுதி வெக்காத சட்டம் ஒண்ணு இருந்துச்சி. குப்பய பின்னாடி பொதைக்கிற குழிக்கு கொண்டு போறது ஆம்பள வேல. அதனால கெட்டி கிளவுசு, பூட்சு எல்லாம் எனக்கும், என் கூட வேல பாக்குற பெருசுக்கும் தான். ஆனா பிரசவ ரூம்ல இருந்து நஞ்சுக்கொடி, ரத்தப் பஞ்செல்லாம் போட்டு வர மஞ்ச கவர மட்டும் ஆம்பள தொடமாட்டான். தீட்டாம். அத நீயே குழி வரைக்கும் தூக்கினு போவணும், நகம் பட்டா கிழியுற மெல்லிசு கிளவுசோட.

தீட்டுல எனக்கு நம்பிக்கை கெடயாது. ஆனாலும் தொடல. பெருசு நக்கல் அடிப்பாரேன்னு தான்.

ஒரு நாள் மனசு கேக்காம என் கிளவுச கழட்டி குடுத்தேன். "இதுக்குள்ள என் ரெண்டு கையும் போவும்டா"ன்ன. பாதி வழியில கவரு வழுக்கி வுழுந்துச்சி. கிளவுச கழட்டி என் மேல எறிஞ்சிட்டு, மெல்லிசு கிளவுசோடயே வாரி எடுத்த. நான் பாத்துனு நின்னேன். கிளவுச குடுத்தேன், கவர வாங்கல.

ஊசிக்குன்னு தனியா வெள்ள டப்பா இருக்கு. அன்னிக்கி அவசரத்துல யாரோ ஊசிய அந்த கவர்ல போட்டுட்டாங்க. உன் வெரல்ல குத்திடுச்சி. டாக்டரம்மா கிட்ட சொல்றேன்னு ஓடுனவன சட்டய புடிச்சி நிறுத்துன.

"சொன்னா ரத்தம் எடுப்பாங்க. ஊரு வேற மாதிரி பேசும். பொண்ணுக்கு மாப்ள பாக்குறோம்டா."

நான் சொல்லல.

சில மாசத்துல உன் கண்ணு மஞ்சளாச்சி. வேலூருக்கு கூட்டினு போனாங்க. பொணமா தான் திரும்பி வந்த. அந்த ஊசி தானான்னு யாருக்கும் தெரியாது. குத்துனதே எனக்கு மட்டும் தான தெரியும்.

உன் பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு இருந்து, அப்பறம் டாக்டரம்மா கிட்ட சொன்னேன். சின்ன சைசு கேட்டு எழுதுனது அவங்க தான்.

இப்ப பிரசவ ரூம் கவர நான் தான் தூக்குறேன். உனக்கு பதிலா வந்த அக்கா மொத நாளு தரமாட்டேன்னுச்சி, புடுங்கினு போனேன். பெருசு எனக்கு டீய தனி கிளாஸ்ல ஊத்துறாரு. ஊத்தட்டும். நீ சொல்வியே, "கவர தொடையில ஒரசாம புடி"ன்னு. அப்படித்தான் புடிக்கிறேன்.

பிரசவ ரூம் வாசல்ல இருந்து குழி வரைக்கும் எண்ணி பாத்தேன்க்கா. நாப்பது காலடி கூட இல்ல.