தாரணிக்கு எந்தப் புத்தகம், மதினி?

சிரிக்கும்போது கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிடும் என் மதினிக்கு,

இங்கே எல்லாரும் நலம். தையல் மேசையில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பக்கம் பள்ளிக்கூடச் சீருடைத் துணி குவிந்து கிடக்கிறது. இன்னொரு பக்கம் உங்கள் மகள் தாரணி வெட்டுத்துணியில் பொம்மைக்குச் சட்டை வெட்டிக்கொண்டிருக்கிறாள், அதுவும் என் நல்ல கத்தரிக்கோலால். கேட்டால் கணக்குப் பாடமாம். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு எதுதான் பாடம் இல்லை?

ஊரில் பாதிப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைக்கிறவள் வீட்டுப் பிள்ளை சீருடையே போடுவதில்லை என்று தெருவில் இன்னும் கேலி செய்கிறார்கள். நீங்கள் இருந்தவரை நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். அண்ணன் கப்பலைவிட்டு இறங்கி வீட்டுக்கு வருகிற மாதங்களில்தான் பரீட்சை வரும், லீவு கேட்டால் தரமாட்டார்கள், அப்பாவும் மகளும் செல்போனிலேயே வளர வேண்டுமா என்று கேட்டு, இரண்டாம் வகுப்போடு அவளை நிறுத்தி வீட்டில் வைத்துக்கொண்டீர்கள். துணிச்சல் உங்களுடையது, பாரம் மட்டும் இப்போது என் தலையில். குறை சொல்லவில்லை மதினி, தகவல் சொல்கிறேன்.

நீங்கள் போன பிறகு நான் மிஷினைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். கணக்கு ஓடியது, அறிவியல் ஓடியது, உலகப் படத்தில் அப்பா எந்தத் துறைமுகத்தில் நிற்கிறார் என்று அவளே குறித்துவைத்தாள். எழுத்து மட்டும் நகரவில்லை. சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் பென்சிலைச் சீவ ஆரம்பிப்பாள். பென்சில் கட்டைவிரல் அளவுக்கு வந்த பிறகும் தாள் வெள்ளையாகவே இருக்கும்.

அண்ணனுக்குக் கவலை வந்துவிட்டது. போனில் ஒரு நாள் சொன்னான்: "ஏளா சந்திரா, தசரா முடியவும் நான் லீவுல வாரேன். அதுக்குள்ள அவ தானா ஒரு பக்கம் எழுதுனா வீட்டுலயே இருக்கட்டும். இல்லன்னா பாளையங்கோட்டையில ஹாஸ்டல்ல சேத்துருவோம்." திருச்செந்தூரில் லாட்ஜ் நடத்துகிற நம் சித்திக்கு இது தேனாக இனித்தது. அன்றைக்கே ஹாஸ்டலுக்குத் தகரப்பெட்டி பார்த்துவைத்துவிட்டாள்.

கல்யாணம், பிள்ளை என்று எதுவும் அமையாமல் போனதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அது உங்களுக்குத் தெரியும். ஆனால் தாரணியும் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டால் இந்த வீட்டில் நான் யாருக்கு அத்தை?

ஆகவே பாடத்திட்டம் தேட இறங்கினேன். சேலைக்கு மேட்சாக ஜாக்கெட் துணி தேடுவதற்குக்கூட நான் இவ்வளவு அலைந்ததில்லை.

முதலில் வந்தது வெளிநாட்டு ஆங்கில இலக்கணப் பெட்டி. வழவழப்பான தாள், படமெல்லாம் பனியும் அணிலும். அந்த அணில் ஏதோ ஒரு கொட்டையைச் சேர்த்துவைத்துக்கொண்டே இருக்கிறது. அது என்ன கொட்டை என்று தாரணி கேட்டாள், எனக்கு எங்கே தெரியும்? புன்னைக்கொட்டை மாதிரி இருக்கும் என்று சொல்லிவைத்தேன். ஆனால் பெட்டி நல்ல பெட்டி. வாக்கியத்தைப் பிரித்துப் பிரித்துக் கோடு போட்டுக் காட்டுகிறார்கள், எனக்கே முதன்முதலாக ஆங்கிலம் புரிந்த மாதிரி இருந்தது. தாரணி ஒவ்வொரு பயிற்சியையும் சிரித்துக்கொண்டே முடித்தாள். எழுத்துப் பகுதி வந்ததும் பென்சில் சீவ உட்கார்ந்துவிட்டாள்.

ஆங்கிலம் அவளுக்கு ஒட்டவில்லை போல என்று தமிழுக்கு வந்தேன். கோயம்புத்தூர்க்கார டீச்சர் ஒருவர், ஆன்லைன் வகுப்பு. துபாய்ப் பிள்ளை, சிங்கப்பூர்ப் பிள்ளை என்று திரை நிறையச் சின்ன முகங்கள். யார் என்ன சொன்னாலும் டீச்சர் "அருமை" என்பார். ஒரு பையன் தூங்கிவிட்டான், அவனுக்கும் ஒரு அருமை கிடைத்தது. தாரணி நன்றாகவே பேசினாள், பிழை திருத்தினாள், ஒரு கதையைக் கேட்டுத் திருப்பிச் சொன்னாள். கட்டுரை என்றதும் கேமராவை அணைத்துவிட்டாள்.

மூன்றாவது, செல்போன் செயலி. சரியான விடைக்கு ஒரு யானை ஆடும். அவள் போட்ட போட்டில் அந்த யானைக்கு இடுப்பு பிடித்திருக்கும். அதிலும் எழுதும் கட்டம் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பசிக்கிறது என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் இல்லை, புத்தகம் போட்டவர்கள்மேல். ரெடிமேட் சட்டை விற்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதுமே வருகிற கோபம்தான். எங்கே பிடிக்கிறது என்று பார்க்கத் தையல் மேசையில் பெட்டியையும் வகுப்புத் தாள்களையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். சட்டை கிழிந்து வந்தால் நான் அப்படித்தான் பார்ப்பேன், எந்த இடத்தில் இழுக்கிறது என்று. மூன்றும் ஒரே இடத்தில் இழுத்தது. ஆங்கிலப் பெட்டி அம்மாவை வருணிக்கச் சொல்கிறது. டீச்சர் கொடுத்த முதல் தலைப்பு என் அன்னை. யானை கேட்டது, உனக்கு மிகவும் பிடித்தவர் யார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் காரியம் முடிந்த கையோடு சித்தி ஒரு சட்டம் போட்டாள். பிள்ளை ஏங்கிப்போகும், அவள் முன்னால் யாரும் பேச்சை எடுக்காதீர்கள், படத்தைக்கூட மாட்ட வேண்டாம் என்றாள். நாங்களும் நல்லதுதானே என்று உங்கள் படத்தைப் பீரோவுக்குள் வைத்தோம். அண்ணன் போனிலும் உங்களைப் பற்றி மூச்சு விடவில்லை. வீடே வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறபோது பத்து வயதுப் பிள்ளை மட்டும் எழுதுவாளா?

தெரிந்துகொண்டேனே தவிர, வாயைத் திறக்க எனக்கும் வரவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று நாலைந்து தடவை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். அதற்குள் குலசைத் தசராவுக்குக் கொடி ஏறிவிட்டது.

தாரணிக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் வருஷா வருஷம் வேஷம் கட்டிக் காணிக்கை எடுப்பாள் என்று முத்தாரம்மனுக்கு நேர்ந்தீர்களே. போலீஸ், குறத்தி, கரடி எல்லாம் கட்டியாயிற்று. போன வருஷம் நீங்கள் போன துட்டி வீடு என்பதால் கட்டவில்லை. இந்த வருஷம் காப்பு கட்டின கையோடு, என்ன வேஷம் தைக்கட்டும் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கம்மா வேஷம், அத்தை. கண்ணாடி போட்டு, பச்சைச் சேலை கெட்டி."

சித்தி பதறிப்போய்த் திருச்செந்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். செத்துப்போனவள் வேஷத்தை யாராவது போடுவார்களா என்று கேட்டாள். அவளிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மனதில் தோன்றின வேஷத்தை மாற்றினால் அம்மனுக்கு ஆகாது என்று நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது யார்? சித்திதானே! காப்பியைக் குடித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே, கொசுவத்தை நன்றாக வைத்துத் தை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உங்கள் பச்சைச் சுங்குடியை நான் வெட்டவில்லை மதினி, பயப்படாதீர்கள். மடித்து மடித்து உள்ளே தைத்து அவள் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். பிரித்தால் முழுச் சேலை அப்படியே இருக்கும். கண்ணாடிக்கு வெறும் பிரேம்.

அம்மனுக்காக வேஷம் கட்டியவரை யாரும் அதட்ட மாட்டார்கள், பேசாதே என்று சொல்ல மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். முதலில் முக்குக்கடை அண்ணாச்சியிடம் போனாள். மற்றப் பிள்ளைகள் தட்டை நீட்டுவார்கள். இவள் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை வைத்து, உங்கள் குரலிலேயே கேட்டாள்.

"அண்ணாச்சி, போன வாரம் தந்த உளுந்துல கல்லாக் கெடக்கு. பாத்துத் தரமாட்டியளா?"

அண்ணாச்சி நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். கடையில் நின்றவர்கள் சிரிக்கிறார்கள், அவரும் சிரிக்கிறார், கண் மட்டும் நிறைந்துவிட்டது. "இனிமே பாத்துத் தாரேன்மா" என்று கும்பிட்டுவிட்டுக் காணிக்கை போட்டார். பிறகு தெருத் தெருவாக ஒரே கூத்து. பூக்காரியிடம் கனகாம்பரத்துக்குப் பேரம் பேசினாள், பால்காரரிடம் தண்ணீர் கணக்குக் கேட்டாள், வீட்டு வாசலில் நின்று என்னையே கூப்பிட்டு, "சந்திரா, சாம்பாருல உப்பக் கொறளா" என்றாள். ஒன்றரை வருஷமாக அடைத்துவைத்த பேச்சு முழுவதும் அந்த நாட்களில் கொட்டியது. ஊரும் பதிலுக்குப் பதில் உங்களைப் பற்றிப் பேசியது. நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன், அழுதேன், இரண்டையும் மறைக்கவில்லை.

காப்பு அவிழ்த்த மறுநாள் காலை நான் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறேன், தானாக வந்து மேசையில் உட்கார்ந்தாள். பென்சிலைச் சீவவில்லை. எழுதி முடித்துவிட்டு, தாளை என் துணிக்கு அடியில் செருகிவிட்டு விளையாடப் போய்விட்டாள். தலைப்பு என் அம்மா இல்லை. என் மகள். நீங்கள் எழுதுவதாக அவள் எழுதியிருக்கிறாள். அப்படியே தருகிறேன்:

"என் பெயர் பார்வதி. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவள் பெயர் தாரணி. அவள் மெதுவாகச் சாப்பிடுவாள். அவளுக்கு யானை ஆடும் பாடம் பிடிக்கும். அவளுடைய அத்தை நன்றாகத் தைப்பாள், சமைக்க மாட்டாள். நான் இறந்துபோன அன்று தாரணி சித்தியின் லாட்ஜில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அதனால் அவளுக்கு எல்லார் மேலும் கோபம், என்மேலும் கோபம். என் படத்தைப் பீரோவில் வைத்திருக்கிறார்கள். உள்ளே பாச்சை உருண்டை வாசம். எனக்குத் தும்மல் வருகிறது. என் மகள் நன்றாக எழுதுவாள். இப்போது யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை, அவளாகத்தான் எழுதுகிறாள்."

நான் முதலில் செய்த காரியம் பீரோவைத் திறந்ததுதான். இப்போது நீங்கள் கூடத்தில் இருக்கிறீர்கள், வாசலைப் பார்த்தமாதிரி.

அண்ணன் போன வாரம் வந்து இறங்கினான். பையைக்கூட இறக்கிவைக்காமல் நின்றபடியே அந்தத் தாளைப் படித்தான். பிறகு கொல்லைப்பக்கம் போய் நெடுநேரம் முகம் கழுவினான். திரும்பி வந்து, "இங்கனயே இருக்கட்டும்ளா" என்றான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சித்திக்குப் போன் போட்டுச் சொன்னேன், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டாள். தகரப்பெட்டியில் லாட்ஜ் தலையணை உறைகளை அடுக்கிவிட்டாளாம்.

அணில் பெட்டியை இலக்கணத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். கோயம்புத்தூர் டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன், முதன்முறையாக அவர் அருமை என்று சொல்லவில்லை. இனித் தலைப்பைத் தாரணியே எடுத்துக்கொள்ளட்டும் என்றார். யானை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். எழுத்துக்கென்று தனியாக இனி எதையும் வாங்குவதாக இல்லை.

நேற்றுச் சாப்பிடும்போது தாரணி கேட்டாள்: "அத்தை, அம்மா கடைசியா என்ன சொன்னா?" அண்ணன் என்னைப் பார்த்தான். அன்று அவன் நடுக்கடலில் இருந்தான். உங்கள் பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான், அவனுக்கும் நான் சொன்னதில்லை. நாளைக்குச் சொல்லுதேன் என்றேன். அவளிடம் சொல்லும்போது குரல் உடைந்துவிடக் கூடாதே என்றுதான் முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அன்று காலை ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்தீர்கள். தண்ணீர் கேட்பீர்கள் என்று குனிந்தேன். "இன்னைக்குப் பிள்ளை என்னளா எழுதுனா?" என்று கேட்டீர்கள். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அதற்கு நீங்கள் காத்திருக்கவில்லை.

பார்த்துவிட்டேன், மதினி. ஒரு முழுப்பக்கம் எழுதியிருக்கிறாள். அம்மா கடைசியாகக் கேட்டது உன்னைத்தான், நீ எழுதியதைத்தான் என்று இன்று சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். இனி அவள் எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொல்வேன், இது சத்தியம்.

உங்கள் மகளுக்கு அத்தையும்,
உப்பைக் குறைத்துக்கொண்டுவிட்ட உங்கள் நாத்தனாருமான
சந்திரா