இருபத்துநான்கில் நிற்க வேண்டும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மூன்றாவது பெட்டியும் போய்விட்டது. நான் வரைந்து, நானே பற்றவைத்த டிரான்ஸ்மிட்டர். கிணற்றின் நீரழுத்தத்தை அளந்து, இரண்டே கம்பியில், நான்கு முதல் இருபது மில்லியாம்பியர் வரை மின்னோட்டமாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். அது செத்தால் பம்பும் நின்றுவிடும். எங்கள் பாலைவன ஊரான உவார்க்லாவில் பேரீச்சை பழுக்கும் மாதம் வேறு. தோட்டக்காரர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

நிலையத் தலைவர் ஹாஜ் லமீன் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஹூரியா, உன் விளையாட்டு போதும். வியாழக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வெளிநாட்டுப் பெட்டிதான்."

விளையாட்டாம்! இரண்டு வருஷ உழைப்பு.

ஆகஸ்ட் 4

காலையில் புதுப் பெட்டியை மாட்டிச் சோதித்தேன். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரி ஓடுகிறது. பின் ஏன் சாகிறது? ஏன்?

கருகுவது எப்போதும் மின்னோட்டத்தைக் கம்பிக்குள் தள்ளும் அந்தக் கடைசி டிரான்சிஸ்டர்தான். எங்கள் மெக்கானிக் தாஹர் தலையைச் சொறிந்தான். "காலைல நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. நாம சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தா செத்துக் கிடக்கு. கண்ணு பட்டிருக்கும்."

கண்ணுமில்லை, மண்ணுமில்லை! தூங்கி எழுந்து — அட! ஆகஸ்ட் மதியத்தில் இந்த ஊரில் எவன் வெளியே நிற்பான்? எங்கள் சோதனையெல்லாம் முற்பகலோடு முடிந்துவிடும். நாளை நான் நிற்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 5

நின்றேன். மண்டை வெடித்தது. ஆனால் பார்த்துவிட்டேன்!

தோட்டக்காரர்கள் தூங்கப் போகும்போது மதகுகளை மூடிவிடுகிறார்கள். அழுத்தம் அளவைத் தாண்டி ஏறுகிறது. என் பெட்டியும் இருபதோடு நிற்காமல் முப்பது, நாற்பது என்று மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. இருபத்தெட்டு வோல்ட்டில் நாற்பது மில்லியாம்பியர் என்றால் ஒரு வாட்டுக்கும் மேலே — அத்தனை சூடும் கடுகளவு டிரான்சிஸ்டர் தலையில். மேலே வெயில், கீழே ஆழ்கிணற்றிலிருந்து கொதித்து வரும் வெந்நீர்க் குழாய். பாவம், சாகாமல் என்ன செய்யும்?

ஆகஸ்ட் 6

இரண்டு மாற்றம். மின்னோட்டம் இருபதைக் கொஞ்சம் தாண்டினால் பரவாயில்லை, இருபத்துநான்கைத் தொட்டதும் பிடித்து நிறுத்த ஒரு சின்னச் சுற்று. வோல்ட் முழுவதையும் டிரான்சிஸ்டரே சுமக்காமல், பாதியை வாங்கிக்கொள்ள ஒரு ரெசிஸ்டர். அதை அறையில், நிழலில் வைத்தேன். அந்தச் சூடு அங்கேயே கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சாப்பிட்ட கையோடு ஹாஜை வெயிலுக்கு இழுத்து வந்தேன்.

"பைத்தியமா பொண்ணே? இந்நேரத்துக்கு நாய்கூட வெளிய வராது."

"அதனாலதான் ஹாஜ் இத்தனை நாளா நமக்குத் தெரியல."

மதகுகள் மூடின. மீட்டரில் பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு. தாஹர் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தான். இருபத்துநான்கு. நின்றது. அப்படியே நின்றது!

"இன்னும் ஏறினா?"

"ஏறாது ஹாஜ்!" கத்தியே விட்டேன்.

மதகுகள் திறக்கும்வரை மூவரும் நகரவில்லை. பெட்டி உயிரோடு இருந்தது. ஹாஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "தாஹர், டீ போடு. பொண்ணு ஜெயிச்சுட்டா."

ஜெயித்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன்!

ஆகஸ்ட் 24

மீதிக் கிணறுகளுக்கும் என் பெட்டிதான். இனிச் சோதனை எல்லாம் மதியத்தில்தான் என்று ஹாஜ் உத்தரவு போட்டிருக்கிறார். தூக்கத்தைக் கெடுத்தவள் என்று ஆட்கள் அத்தனை பேரும் என்னைத் திட்டுகிறார்கள்.

திட்டட்டும். கேட்கக் கேட்க இனிக்கிறது.