சாயம் ஊற்றாத தட்டு

மார்ச் 4, செவ்வாய்

நுண்ணோக்கி அறையில் ஏசி மறுபடி ஒழுகுகிறது. கீழே வாளி வைத்துவிட்டு வேலை பார்த்தேன். செல்களைப் பளிச்சென்று காட்டுவதற்காக நாங்கள் செய்த நானோ துகள்கள் செல்களுக்குள் பச்சையாக ஒளிர்கின்றன. செல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஊற்றும் சாயமும் பச்சை. உயிருள்ள செல்லில் மட்டும்தான் அது ஒளிரும். தட்டு முழுக்கப் பச்சை. எனக்கு மூத்தவள், ஆய்வகத்து அக்கா, முதுகில் ஓங்கித் தட்டினாள். "பாத்தியா? ஒண்ணுகூட சாகல. வெள்ளிக்கிழமை கட்டுரைய அனுப்பிடுவேன்."

மார்ச் 5

ஒரு தட்டில் சாயம் ஊற்ற மறந்துவிட்டேன். அதுவும் பச்சை.

அதே நாள், மறுபடி

அப்படியென்றால் இத்தனை நாள் எதைப் பார்த்தேன்? செல்லின் உயிரையா, துகளின் வெளிச்சத்தையா? செத்த செல்லுக்குள்ளும் துகள் ஒளிரத்தானே செய்யும். 'பாதுகாப்பானது' என்று எழுதியிருக்கிறோம். அதை நம்பி மேல்மாடி ஆய்வகத்தில் எலிகளுக்கு இந்தத் துகளைச் செலுத்தப்போகிறார்கள்.

அம்மாவிடம் ஃபோனில் புலம்பினேன். "செத்துச்சா பொழச்சுதான்னுகூடத் தெரியாமலா இத்தன வருஷமா படிக்கிற?"

மார்ச் 6

அக்காவிடம் சொன்னேன்.

"ஏண்டி, எல்லாரும் இந்தச் சாயத்தைத்தான் ஊத்துறாங்க. உனக்கு மட்டும் என்ன திடீர் ஞானோதயம்?"

"அவங்க துகள் பச்சை இல்லக்கா. நம்மளுது பச்சை."

அவள் கட்டுரையைத் திரையில் திறந்துகொண்டாள். கட்டுரை ஏற்கப்பட்டால்தான் அவளுக்கு அந்தப் புது வேலை கிடைக்கும். அது எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் கோபப்பட்டாவது தொலைத்திருப்பேன்.

மார்ச் 7, வெள்ளி

பேராசிரியர் அறை வாசல்வரை போனேன். திரும்பி வந்தேன்.

கட்டுரையில் சொன்ன அளவு துகள் போட்ட செல்களை எடுத்து, கழுவி, புதுத் தட்டில் விதைத்தேன். மிகக் குறைந்த அளவு போட்டவை ஒரு தட்டில். துகளே போடாதவை இன்னொன்றில். சாயம் வேண்டாம். வெளிச்சம் வேண்டாம். உயிர் இருந்தால் பெருகட்டும்.

அக்கா எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள். அனுப்பிவிட்டாளா? கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 11

துகள் போடாத தட்டில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. எங்கள் அளவு போட்ட தட்டு காலி. குறைந்த அளவில் வளர்ந்திருக்கின்றன — ஆனால் மங்கல். மங்கல் என்றால் தோல்விதானே? பளிச்சென்று இருந்தபோது செத்துக்கொண்டிருந்தனவே. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அக்கா காலித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வைத்துவிட்டுப் போனாள். நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

மார்ச் 12

பேராசிரியர் கூப்பிட்டார். போனால் அக்கா ஏற்கெனவே அங்கே. கட்டுரையை அவள் அனுப்பவே இல்லையாம்.

"எலிக்கு இப்ப குடுக்க வேண்டாம்னு இவளே சொல்லிட்டா. நீ ஏன்மா என்கிட்ட வரல?" என்றார்.

ஏன் போகவில்லை?

மார்ச் 18

என் நாற்காலியில் அக்கா. நுண்ணோக்கியில் குறைந்த அளவுத் தட்டு. ஒரு செல் இரண்டாகப் பிரிய, உள்ளிருந்த பச்சையும் பங்கு போனது. இரண்டுமே முன்னைவிட மங்கல். பெருகுவதால்தான் மங்குகிறது.

"இவ்ளோ மங்கலா இருக்கு. இத எவன்டி அச்சுல போடுவான்?" என்றாள். எழுந்திருக்கவில்லை.

"அந்த வேலை, அக்கா?"

"வேற யாருக்காவது போயிருக்கும். பேசாம இரு, இன்னொண்ணு பிரியப் போகுது."