'ஹுய்' என்று பதில் போட்டவன்

நேற்று ரெயினில் யாருக்கோ 'ஹலோ' எழுதப் போனேன். 'ஹ'வைத் தொட்டதும் ஃபோன் தானாகவே 'ஹுய்' என்று நீட்டியது. உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் தேவைப்படாத சொல். ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன் மச்சான்.

நாம் வளர்ந்த வெரிபீயில் உன் பக்கத்து வீட்டுப் பின்லாந்து அன்ரி குப்பைத் தொட்டியை இழுத்து வரும்போது வேலிக்குப் பின்னாலிருந்து பாய்ந்தோமே, அன்று அவர் வாயிலிருந்து விழுந்தது அது. மறுநாள் வகுப்பில் நீ அதை நடித்துக் காட்ட, நம்மோடு படித்த மாவோரிப் பெண் முறைத்தாள். அவர்கள் மொழியில் ஹுய் என்றால் ஆட்கள் ஒன்றுகூடுவதாம், அதில் அலற என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

நீ விடுவாயா? மாவோரிக் கூட்டமொன்றுக்குள் தெரியாமல் நுழைந்த பின்லாந்து மாலுமி அலறியதில்தான் சொல் நாடு மாறியது என்று ஒரு சரித்திரத்தை அவிழ்த்துவிட்டாய். பாதி வகுப்பு குறிப்பெடுத்தது. இரண்டு நாள் அகராதி புரட்டிவிட்டு என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாய். மாவோரிச் சொல்லின் வேர், கொத்து என்று பொருள்படும் பழைய பொலினேசியச் சொல். பின்லாந்துச் சொல் திடுக்கிட்ட வாயின் சத்தம், அவ்வளவுதான். "ஒண்டுக்கு வம்சம் இருக்கு மச்சான். மற்றதுக்கு வாய் மட்டும்தான்."

அதன்பிறகு நமக்குள் ஒரு சட்டம். ஒருவன் கதை விட்டால், நம்பவில்லை என்பதற்கு மற்றவன் 'ஹுய்' போட வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நீ இனி இல்லை என்று உன் அண்ணா எழுதினார். உன் ஃபோனிலிருந்து வந்ததால் உன் பெயர்தான் தெரிந்தது. நான் பாணைக் கடித்துக்கொண்டே பதில் போட்டேன்: 'ஹுய். நடிப்பு காணாது.'

இதயம் நின்றுவிட்டதாம். பதினேழு வயதில்.

செத்த வீட்டில் உன் அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தப் பதிலை அவர் கண்டிருந்தார். பக்கத்துக் கதிரையில் என்னை இருத்தினார்.

"குசினிக்குள்ள விழுந்தவன். நான் பகிடி எண்டு நினைச்சு, எழும்படா, சோறு ஆறுது எண்டு பேசினனான்," என்றார். பிறகு, "நீ மட்டுமில்லை, அப்பன்."

சனிக்கிழமைகளில் உன் அம்மாவிடம் போகிறேன். தெருவிலிருந்தே, "அன்ரி, நான்தான் வாறன்" என்று குரல் கொடுத்துவிட்டு, வாசல் கதவுக் கண்ணாடியில் தெரியும்படி நேராக நிற்கிறேன். யாரையும் திடுக்கிட வைக்க இனி எனக்கு வராது. தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போகும்போது மட்டும் கதவுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன். உன் அம்மா அதைக் கண்டிருக்கிறார். அவரும் பார்ப்பார்போல.