மீனெண்ணெய் போட்ட கிளவுஸ்

அய்யா,

நல்லா தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. நான் காலேஜுக்கு பிராக்டிசுக்குப் போறேன். சனிக்கிழமை சீசனோட முதல் மேட்ச்.

மீன்குழம்பு சட்டியில இருக்கு. பூனைக்குப் பயந்து மூடி மேல குழவியத் தூக்கி வச்சிருக்கேன். கடலுக்குப் போகும்போது சாவியை லிண்டா சித்திகிட்ட குடுத்துட்டுப் போங்க.

நேத்து பெத்த அப்பான்னும் பாக்காம உங்ககிட்ட அப்புடி கத்தியிருக்கக் கூடாது. ஆனா காலேஜுல நம்பிக் குடுத்த புது சாஃப்ட்பால் கிளவுஸுக்கு, வள்ளத்துக்குத் தடவுற மீனெண்ணெயப் போடுவாங்களா? கேட்டா, "தோலுன்னா எண்ணெய் குடிக்கணும்ல தாயி"ன்னு சிரிக்கிறீங்க. கோச் மேடம் மோந்து பாத்தா நான் என்ன சொல்லுவேன்? வெளிய காயப்போட்டா பூனை இழுத்துட்டுப் போயிரும்னு தலைமாட்டுல வச்சுப் படுத்தேன். அந்த வாடையில தூக்கமே இல்ல.

எஞ்சின் பாக்க டேவிட்ராஜ் மாமா வருவாரு. போன வாரம் மாதிரி நடுக்கடல்ல நின்னுபோச்சுன்னா? அவரு பாத்து சரின்னு சொல்லாம வள்ளத்த எறக்காதீங்க.

பிரெசில்லா

இப்பதான் மாட்டிப் பாத்தேன். வெறப்பா கெடந்த கிளவுஸு கைக்கு நல்லா வளையுது. நாத்தம் மட்டும் போகல.

இன்னொண்ணு. சாஃப்ட்பாலுக்கு ஒம்பது பேரு வேணும், எங்க டீம்ல மொத்தமே ஒம்பது பேருதான். ஒருத்தி வரலைன்னாலும் ஆட்டம் கெடையாதுன்னு மேடம் தெனமும் சொல்றாங்க.

நம்ம வீட்டுல ரெண்டே பேருதான் அய்யா.