அப்பாவை எதிர்த்து ஒரு கேள்வி

அன்புள்ள அப்பா,

அடுத்த அறையில் இருந்துகொண்டே கடிதம் எழுதுகிறேன். சாப்பிடக் கூப்பிட்டும் நீங்கள் கதவைத் திறக்கவில்லை.

இன்று நகர மன்றத்தில் வந்தது, கல்லூரி வழியாகப் போகும் மாலைப் பேருந்தை நிறுத்தும் தீர்மானம். கொண்டுவந்த உறுப்பினரோ நீங்கள். "காலேஜ் பசங்களுக்கு அரசியல்ல என்ன தெரியும்?" என்று நீங்கள் சொன்னதும் மன்றமே சிரித்தது. பார்வையாளர் வரிசையில் இருந்த நாங்கள் பதினொரு மாணவர்களும் ஒரு மாதமாக மன்ற விதிகளை வரிவரியாகப் படித்தது யாருக்குத் தெரியும்?

பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும் நான் எழுந்தேன். "பயணிகளைக் கேக்காம பஸ் ரூட்டை நிறுத்தக் கூடாதுன்னு விதி இருக்குங்க."

தலைவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டினீர்கள். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தப் பொண்ணு சொல்றது சரிதான். தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றீர்கள். எங்கள் வரிசையே துள்ளிக் குதித்தது! நான் கை வலிக்கத் தட்டியது பேருந்துக்காக மட்டும் இல்லை, அப்பா.

அடுத்த மாதம் விளையாட்டுத் திடலை விற்கும் தீர்மானம் வருகிறதாமே. அதிலும் உங்களை எதிர்த்துத்தான் பேசுவேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

நாளைக் காலையில் எப்போதும்போல என்னை வண்டியில் கொண்டுபோய் விடுவீர்கள்தானே?

அன்புடன்,
உங்கள் மூத்த மகள்